வாகைக்குட்டையின் பதின்மூன்று குரல்கள்

வாகை மரத்தடியில் ஒரு குட்டை இருந்தது. ஒரு மான் எட்டுத் தாவலில் சுற்றி வந்துவிடும். அவ்வளவு சின்னக் குட்டை. ஆனால் பெரிய ஏரியின் சபையில் அதற்கும் ஓர் இருக்கை இருந்தது!

அந்தக் காட்டில் எல்லாக் குட்டைக்கும் ஏரித் தண்ணீர்தான். பங்குனிப் பௌர்ணமியன்று ஒவ்வொரு குட்டையிலிருந்தும் ஓர் உறுப்பினர் ஏரிக்கரைக்குப் போவார். எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் மதகைத் திறப்பது என்று அங்கே பேசி முடிப்பார்கள். பேச்சு முடிந்ததும் யானைகள் மதகுக் கல்லை நகர்த்தும். பேசாத குட்டைக்குத் தண்ணீர் கிடையாது.

உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருக்கும் இல்லை. கரையில் வளை வைத்திருப்பவருக்குத்தான் குரல். வளை இருந்தாலும் போதாது. தேர்தலன்று காலையில் தோண்டித் தள்ளிய ஈரமண் வாசலில் இருக்க வேண்டும். உள்ளே ஆள் குடியிருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

தேர்தலை நடத்த ஏரியிலிருந்து மீன்கொத்தி வருவார். நீலமும் வெள்ளையுமாக, அதிகாரி என்று பார்த்தவுடன் தெரியும். ஈரமண் கிடக்கும் ஒவ்வொரு வாசலிலும் நிற்பார். வளைக்காரர் வெளியே வந்து, தமக்கு வேண்டியவரின் பெயரைக் கரை முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும். ரகசியம் என்ற பேச்சே கிடையாது. தேர்தல் முடியும்வரை மீன்கொத்தி யாரையும் கொத்தித் தின்னக்கூடாது என்பதும் சட்டம். பாவம், அன்று அவருக்குப் பட்டினி.

வாகைக்குட்டையில் இப்படிப் பதின்மூன்று வளைகள். எட்டு நண்டுகளுக்கு. ஐந்து பெருச்சாளிகளுக்கு. பதின்மூன்று பேருக்கும் தலை கொஞ்சம் உயர்ந்தே இருக்கும். வழியில் தவளைகளைப் பார்த்தால் பார்க்காததுபோல் போவார்கள். தவளைகள் நானூறு பேர். குட்டையிலேயே அதிகச் சத்தம் அவர்களுடையது. ஆனால் வளை கிடையாது. ஆகவே சட்டப்படி அவர்களுக்குக் குரல் கிடையாது!

பதின்மூன்று குரலும் சேர்ந்து நல்லவர் ஒருவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் கரையில் பெரிய மிளா மான் ஒருவர் இருந்தார்.

கிளைகிளையாகக் கொம்பு. அகலமான மார்பு. நடந்து வந்தால் கரை அதிரும். “எங்க தாத்தா மிதிச்சு மிதிச்சுக் கெட்டியாக்கின கரை இது. அதனால இது எனக்குச் சொந்தம்” என்பார். யாரும் கேட்காமலே சொல்வார். அவருக்கு ஓர் ஆசை. நல்ல குழைவான சேற்றில் புரள வேண்டும்! குட்டை நிறைந்திருந்தால் சேறு ஏது? அதனால் ஏரியில் போய்த் தண்ணீர் கேட்காத உறுப்பினராகப் பார்த்து அவரே ஒரு பெயரைச் சொல்வார். வளைக்காரர்களும் அந்தப் பெயரையே கத்துவார்கள்.

முதலில் ஒரு மயில் போயிற்று. சபை நடுவில் தோகையை விரித்துக் காட்டிவிட்டு, வந்த வேலையை மறந்து திரும்பியது. பிறகு ஒரு முயல். பேச்சு தொடங்குமுன் தூங்கிவிட்டது. அதற்கும் பிறகு மிளாவின் தங்கை மகன். அவன் ஏரிக்குப் போய்ச் சேரவே இல்லை. வழியில் நல்ல புல்லைப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டான்.

இதையெல்லாம் பொறுக்காத ஒரே ஆள் நண்டு சடையாண்டி.

சடையாண்டி மூன்று தேர்தல் கண்டவர். கரையில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முதலில் பேசுவது அவர். கடைசியில் பேசுவதும் அவர். நடுவில் சிலர் பேச முயன்றதாகச் சொல்வார்கள். முதல் தேர்தலில் அவர் ஒருவர்தான் தனியாக நின்று, “மயில் வேண்டாம்!” என்று கத்தினார். அன்று சாயங்காலம் அவர் வளைமேல் நான்கு குளம்புகள் இறங்கின. இடக்கொடுக்கு போயிற்று. அது மறுபடி முளைத்தது, ஆனால் பாதி அளவுதான். மிதித்தது யார் என்று ஊருக்கே தெரியும். எதிர்த்து நின்றவர் சாட்சி சட்டப்படி செல்லாது; வேறு சாட்சி சொல்லத்தான் ஒருவரும் வரவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் அந்தப் பாதிக் கொடுக்கைத் தூக்கிக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குவார். “இதைப் பாருங்க! உரிமைக்காக நான் கொடுத்த விலையைப் பாருங்க!” பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. இருந்தாலும் பார்ப்பார்கள். கரையில் வேறு யார் எதைக் கொடுத்தார்கள்?

அந்த வருடம் மாசி முடிவதற்குள் குட்டை பாதி வற்றிவிட்டது.

சடையாண்டியின் மனைவி அங்காயி வளைக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வயிற்று மடிப்புக்குள் இருநூறு குஞ்சுகள். ஒவ்வொன்றும் மிளகளவு. பங்குனி முடிவதற்குள் அவற்றைத் தண்ணீரில் இறக்கியாக வேண்டும். போன வருடம் தண்ணீர் இல்லாமல் சேற்றில் இறக்கினாள். மறுநாள் மிளா வந்து சுகமாகப் புரண்டு எழுந்து போனார். ஒரு குஞ்சும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி இருவரும் அதன் பிறகு பேசியதில்லை.

“ஏங்க, இந்தத் தடவையாவது தண்ணி வருமா?” என்று கேட்டாள்.

“வர வைக்கிறேன்” என்றார் சடையாண்டி. அதற்கு மேல் பேசவில்லை. அவர் பேச்சைச் சுருக்கினால் உண்மையாகவே சொல்கிறார் என்று அங்காயிக்குத் தெரியும்.

மறுநாளே கூட்டம் போட்டார். நண்டுகள் எட்டுப் பேரும் வந்தார்கள்.

“இந்தத் தடவை மிளா ஐயா நிறுத்தப் போறது ராசதுரையை. அவரோட சிநேகிதர் மகன், புள்ளிமான். நம்ம குட்டை எந்தத் திசையில இருக்குன்னுகூட அவனுக்குத் தெரியாது! நாம எதிர்த்து ஆளை நிறுத்தணும்” என்றார் சடையாண்டி.

“யாரை நிறுத்தறது? ஏரி இருக்கிற தூரத்துக்கு யாரு போறது?” என்று கேட்டார் ஒரு நண்டு.

தண்ணீரிலிருந்து ஒரு தலை எழுந்தது. ஆமை பெரியநாச்சி.

“நான் போறேன். வழி எனக்குத் தெரியும். எங்க அம்மா அங்கேயிருந்து நடந்துதான் இங்கே வந்தா. இருபது நாள் ஆச்சாம்.”

சடையாண்டி கணக்குப் போட்டார். “பௌர்ணமிக்கே இருபத்தோரு நாள்தான் இருக்கு, பெரியநாச்சி! தேர்தல் நடக்கவே இன்னும் ஒன்பது நாள்!”

“அப்படின்னா இப்பவே கிளம்பறேன்” என்றாள் பெரியநாச்சி. “நீங்க என்னை ஜெயிக்க வச்சிடுங்க. தோத்துட்டா யாரையாவது சொல்லி அனுப்புங்க. திரும்பிடறேன்.”

“ஜெயிச்சா என்னென்ன செய்வேன்னு நாலு வார்த்தை பேசிட்டுப் போயேன்!”

“பேச நின்னா பொழுது போயிடும், அண்ணே.”

சொல்லிக்கொண்டே நடக்கத் தொடங்கிவிட்டாள். இப்படி ஒரு வேட்பாளரைச் சடையாண்டி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மிளாவிடம் ஒரு கீரி வேலை பார்த்தான். கங்காணி என்று அவனைக் கூப்பிடுவார்கள். அவன் வாசல் வாசலாகப் போனான். பெருச்சாளிகளிடம் அதிகம் பேசவில்லை. மிளா கொம்பால் நாவல் மரத்தை உலுக்கினால் விழுகிற பழம் முழுதும் அவர்களுக்குத்தான். ஐந்து குரலும் அந்தப் பழத்திலேயே முடிந்துவிட்டன. நண்டுகளில் பூச்சாண்டி என்று ஒருவர். நிழலைக் கண்டாலும் நடுங்குவார். அவரிடம் கங்காணி வெறுமனே பல்லைக் காட்டிவிட்டு வந்தான். ஆறாவது குரலும் ஆயிற்று.

பிறகு சடையாண்டியின் வாசலுக்கு வந்தான்.

“வணக்கம் அண்ணே! உடம்பு சௌக்கியமா? வளை சௌக்கியமா? மேல்மண்ணு கெட்டியா இருக்கா?”

“இருக்கு.”

“எதுக்குக் கேக்கறேன்னா, எங்க ஐயாவுக்கு இப்பெல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்லை. கால் எங்கே வைக்கிறோம்னு தெரியாம வச்சிடறாரு.”

“அப்படியா? தன்னை எதிர்த்தவன் வளை எதுன்னு மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கண்ணுக்குச் சரியாத் தெரியுதே!” என்றார் சடையாண்டி. “போய்ச் சொல்லு. அவர் பக்கம் ஆறு. எங்க பக்கம் ஏழு. எண்ணத் தெரியலைன்னா கொம்புக் கிளையை வச்சு எண்ணிப் பாக்கச் சொல்லு!”

கங்காணி சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பு அங்காயிக்குப் பிடிக்கவில்லை.

அன்று பிற்பகல் தவளை தொந்தியப்பன் வந்தான். தவளைகளில் மூத்தவன். சத்தத்திலும் மூத்தவன்.

“அண்ணாச்சி, ஒரு விசயம். நாங்க நானூறு பேர் இருக்கோம். இந்தத் தேர்தல்ல எங்களால ஏதாவது ஆகணும்னா சொல்லுங்க.”

சடையாண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “நீ ஒரு வளை தோண்டியிருக்கியா? ஒரு நாளாவது மண்ணு சுமந்திருக்கியா? குரல்ங்கிறது தோண்டிச் சம்பாதிக்கிறது, தொந்தியப்பா. நீங்க சத்தம் போடுங்க. குரல் கொடுக்கிறதை நாங்க பாத்துக்கறோம்.”

தொந்தியப்பன் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தான். “சரிங்க அண்ணாச்சி” என்று தத்திப் போய்விட்டான்.

தேர்தல் நாள் வந்தது.

விடிந்ததும் சடையாண்டி ஈரமண்ணை வாசலில் தள்ளினார். குவித்து, தட்டி, அழகு பார்த்தார். கரை முழுவதும் புது மண் வாசம். அப்போது கரை அதிர்ந்தது. மிளா குளிக்க வந்துகொண்டிருந்தார்.

அவர் தண்ணீருக்கு நேராக இறங்கவில்லை. கரையின் மேற்குக் கோடிக்குப் போனார். அங்கே மூன்று நண்டு வளைகள். மூன்றும் சடையாண்டியின் பக்கம். மிளா அவற்றின்மேல் நடந்தார். திரும்பி நடந்தார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்போல் மறுபடியும் போய் வந்தார். மூன்று வாசலும் இருந்த இடம் தெரியவில்லை. கரை முழுக்கக் குளம்படிகள்தான் இருந்தன, ஆழமாக, ஈரம் கசிய.

மிளா தண்ணீரில் இறங்கிக் குளித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மேட்டில் போய் நின்றார்.

சடையாண்டி ஓடினார். மண்ணில் காதை வைப்பதுபோல் உடம்பைப் பதித்துக் கூப்பிட்டார். “உசிரோட இருக்கீங்களா?”

அடியிலிருந்து மங்கலாகச் சத்தம் வந்தது. “இருக்கோம்! ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை! ஆனா தோண்டி வெளிய வர சாயங்காலம் ஆயிடும்!”

சாயங்காலம் தேர்தல் முடிந்துபோயிருக்கும். ஏழில் மூன்று போனால் நான்கு. நான்குக்கு ஆறு. சடையாண்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருடப் பேச்சில் அந்த நேரத்துக்கு உதவும் ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

அங்காயி மெல்ல மெல்ல நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தாள். கனத்த வயிற்றோடு அவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

“ஏங்க, அங்கே பாருங்க.”

ஒரு குளம்படிக்குள் ஒரு தவளை குதித்து உட்கார்ந்திருந்தது. ஈரமாக, குளுமையாக இருந்தது போலும். தலை மட்டும் வெளியே தெரிந்தது. கால் நீட்ட இடம் போதவில்லை. பின்னங்காலால் இரண்டு உதை விட்டது. புது ஈரமண் விளிம்பில் வந்து விழுந்தது.

சடையாண்டி பார்த்தார். குழி. குழிக்குள் ஆள். வாசலில் ஈரமண்.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்தது.

“அதுங்களுக்கா? நான் கொடுக்கைக் கொடுத்துக் காப்பாத்தின உரிமையை, ஒரு பிடி மண்ணு சுமக்காததுங்களுக்கா? பதின்மூணு பேருக்குன்னு இருக்கிறது நானூறு பேருக்குன்னு ஆனா அதுக்கு என்ன மரியாதை, அங்காயி?”

“நல்லாக் காப்பாத்தினீங்க. நான் இல்லைங்கலை” என்றாள் அங்காயி. “இப்ப என் மடியில இருக்கிறதை எதை வச்சுக் காப்பாத்தப் போறீங்க? மரியாதையை வச்சா?”

சடையாண்டி எழுந்தார். பக்கவாட்டில் நடந்து தவளைகள் இருக்கும் இடத்துக்குப் போனார். அந்தப் பக்கம் அவர் போவது அதுதான் முதல் தடவை.

“தொந்தியப்பா.”

“வாங்க அண்ணாச்சி. சத்தம் போடச் சொன்னீங்களே, போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். பத்தலையா?”

“சத்தம் போதும். குரல் வேணும்.” சடையாண்டி குளம்படிகளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். “குழி இருக்கு. ஆளுக்கு ஒண்ணுல உக்காந்து மண்ணைத் தள்ளுங்க. புது வளைன்னா, சட்டப்படி பழைய வளைக்காரர் ஒருத்தர் சாட்சி சொன்னாப் போதும். நான் சொல்றேன்.”

“என்னன்னு சாட்சி சொல்வீங்க?”

“இவங்க எல்லாரும் என்…” சடையாண்டி வேறு பக்கம் பார்த்தார். “என் அண்டை வீட்டுக்காரங்கன்னு.”

“இப்ப ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.”

“அண்டை வீட்டுக்காரர்.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா, அண்ணாச்சி! குரல் உள்ளவராச்சே நீங்க!”

சுற்றியிருந்த தவளைகள் சிரித்தன. சடையாண்டிக்கு ஓடு சுட்டது. ஆனாலும் கத்தினார். “நீங்க எல்லாரும் என் அண்டை வீட்டுக்காரங்க!”

சிரிப்பு நின்றது. தொந்தியப்பன் கிட்டே வந்தான். தாழ்ந்த குரலில் பேசினான். அவனுக்கு அப்படிப் பேச வரும் என்று சடையாண்டிக்கு அதுவரை தெரியாது.

“போன வருசம் உங்க குஞ்சுங்க போன சேத்துலதான் எங்க தலைப்பிரட்டைங்களும் போச்சு, அண்ணாச்சி. ஆயிரக்கணக்குல. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். நீங்க கேக்கலை.”

சடையாண்டி தன் பாதிக் கொடுக்கைத் தாழ்த்தினார். பிறகு, “தப்புத்தான். வாங்க, தொந்தியப்பன்” என்றார். ‘வா’ என்றே எல்லாத் தவளையையும் கூப்பிட்டுப் பழகியவர் வாயில் வந்த முதல் ‘வாங்க’ அது.

மீன்கொத்தி வந்து இறங்கியபோது, மேற்குக் கோடியில் நாற்பத்தொரு குளம்படிகளில் நாற்பத்தொரு தவளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு விளிம்பிலும் ஈரமண். மீன்கொத்தி ஒரு தரம் விழுங்கினார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. கண்முன்னே இவ்வளவு தவளைகள்!

“இது என்ன?” என்று கேட்டார்.

“புது வளைங்க, ஐயா” என்றார் சடையாண்டி. “எல்லாரும் என் அண்டை வீட்டுக்காரங்க. நான் சாட்சி.”

கங்காணி பாய்ந்து வந்தான். “அநியாயம்! இவங்க இன்னைக்குக் காலையில வந்தவங்க!”

மீன்கொத்தி அலகை நிமிர்த்தினார். “மண் இன்று காலையில் தள்ளியதாக இருக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான் சொல்கிறது. ஆள் எப்போது வந்தார் என்று கேட்கச் சொல்லவில்லை.”

“இது வளையே இல்லை! எங்க ஐயாவோட குளம்படி!”

மேட்டிலிருந்த மிளா இறங்கி வந்தார். “ஆமாம்! என் கரை. என் குளம்பு. என் குளம்படி. அதில் கண்ட கண்டவர்கள் குடியிருக்க முடியாது!”

“அப்படியா?” மீன்கொத்தி அவரைப் பணிவாகப் பார்த்தார். “எழுதிக்கொள்கிறேன். இந்த இடத்தில் நேற்றுவரை மூன்று வளைகள் இருந்தன. தேர்தலன்று வளையை மிதித்து மூடியவர், அடுத்த ஏழு வருடம் அந்தக் குட்டையில் கால் வைக்கக்கூடாது. அதுவும் சட்டம். இத்தனை நாளும் மிதித்தவர் யாரென்று தெரியாமல் இருந்தது. இன்று தாங்களே சொல்கிறீர்கள். இவை தங்கள் குளம்படிகள்தானே?”

நானூறு தவளைகளும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

மிளா கொம்பை இப்படித் திருப்பினார். அப்படித் திருப்பினார். சேற்றைப் பார்த்தார். சேறு குழைந்து, பதமாக இருந்தது. ஏழு வருடம்!

“சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்” என்றார். “இது யார் குளம்படி என்று எனக்குத் தெரியாது.”

“யாருடையதும் இல்லையா?”

“…இல்லை.”

“அப்படியானால் குடியிருப்பவருடையது” என்றார் மீன்கொத்தி. “பெயர்களைச் சொல்லலாம்!”

முதலில் பெருச்சாளிகள் ஐந்து பேரும் நாவல் பழ வாயோடு கத்தினார்கள். “ராசதுரை! ராசதுரை!” பூச்சாண்டி மிளாவைப் பார்த்து, “ராசதுரை!” என்றார். உடனே தவளைகளைப் பார்த்து, “பெரியநாச்சி!” என்றார்.

“முதலில் சொன்னதுதான் கணக்கு” என்றார் மீன்கொத்தி.

“நான் அப்பவே நினைச்சேன்” என்று பூச்சாண்டி வளைக்குள் போய்விட்டார்.

பிறகு நான்கு நண்டுகள், மிளாவின் குளம்புக்கு எதிரிலேயே நின்று கத்தினார்கள். “பெரியநாச்சி!” பிறகு தவளைகள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பெயரைச் சொல்லச் சட்டம் அவர்களைக் கேட்டது. முதல் தவளை கண்ணை இறுக மூடிக்கொண்டது. “பெ… பெரியநாச்சி” என்றது. அடுத்தது கொஞ்சம் தெம்பாகச் சொன்னது. பத்தாவது ஆள் சொன்னபோது வாகை மரத்திலிருந்து கொக்குகள் எழும்பிப் பறந்தன. கடைசியாகத் தொந்தியப்பன் எழுந்து நின்று சொன்ன பெயர் அடுத்த காட்டில் கேட்டதாம்!

நாற்பத்தைந்துக்கு ஆறு.

சடையாண்டி பேச எழுந்தார். பேச வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். எந்தக் கூட்டத்திலும் நடக்காத அதிசயம் அது.

மீன்கொத்தி ஏரிக்குத் திரும்பிப் பறக்கும் வழியில், முள்ளுக்காட்டு ஓரம் ஊர்ந்துகொண்டிருந்த ஆமையைப் பார்த்தார். தாழப் பறந்து சொன்னார். “அம்மா, தாங்கள் வெற்றி பெற்றுவிட்டீர்கள்!”

“அதுக்குத்தானே நடக்கிறேன்” என்றாள் பெரியநாச்சி. நிற்கவில்லை.

பௌர்ணமியன்று சபை கூடிக் கலையப் போகும் நேரத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். கால்களில் புழுதி. ஓட்டில் முள்கீறல்.

“வாகைக்குட்டை உறுப்பினர்” என்றாள்.

சபையில் ஒரே வியப்பு. “வாகைக்குட்டையா? அது தூர்ந்துபோச்சுன்னுல்ல நினைச்சோம்! இத்தனை வருசமா ஒரு வார்த்தை வரலையே!” என்று கேட்டது ஒரு கிழ யானை.

“குட்டை தூரலை, ஐயா. இதுவரைக்கும் வந்தவங்க எங்களைப் பாத்ததில்லை. நான் அங்கேயே இருக்கிறவ. நான் கிளம்பின அன்னைக்கே தண்ணி என் கழுத்துக்குத்தான் இருந்துச்சு. அடுத்த வாரம் அதுவும் இருக்காது.”

அவள் பேசியது அவ்வளவுதான். பதினொரு நாள் மதகு திறக்கத் தீர்மானமாயிற்று.

மூன்றாம் நாள் காலையில் வாய்க்கால் வழியே சருகுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. அங்காயி கரையோரம் இறங்கினாள். தண்ணீர் அவள் முதுகை மூடும்வரை காத்திருந்தாள். பிறகு மடிப்பைத் திறந்தாள். ஒன்று நழுவியது. பத்து நழுவின. கொஞ்ச நேரத்தில் அவளைச் சுற்றி மிளகளவுக் குஞ்சுகள் எட்டுக் காலையும் உதறிக்கொண்டு கல்லுக்கடியில் ஓடி ஒளிந்தன. சடையாண்டி பக்கத்திலேயே நின்றார். எண்ணத் தொடங்கி, பாதியில் கண் கலங்கி விட்டுவிட்டார்.

மிளாவும் வந்தார். வயிறுவரை தண்ணீரில் நின்று, “சேறு எங்கே? சேறு எங்கே?” என்று குறைபட்டுக்கொண்டார். தலைப்பிரட்டைகள் அவர் கால்களைச் சுற்றி விளையாடின. கொஞ்ச நேரம் கழித்து அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்தால், அதுவும் அவருக்குச் சுகமாகத்தான் இருந்தது போலிருக்கிறது. ஒப்புக்கொள்ளத்தான் இல்லை.

அடுத்த தேர்தலில் கரையில் இருநூறுக்கு மேல் குழிகள். பெரியநாச்சி, “இன்னொரு தடவை அவ்வளவு தூரம் என்னால ஆகாது” என்று ஒதுங்கிக்கொண்டாள். சடையாண்டி தாமே வேட்பாளராக நின்றார். எதிரே தொந்தியப்பன். சடையாண்டிக்குப் பத்தொன்பது குரல் விழுந்தது.

வளைக்குள் வந்து உட்கார்ந்து புலம்பினார். “பாத்தியா அங்காயி? நான் சாட்சி சொல்லி வாங்கிக் கொடுத்த குரலு! அதை வச்சு என் வாசலுக்கு எதிரிலேயே நின்னு இன்னொருத்தர் பேரைக் கத்தறாங்க! கொஞ்சமாவது நன்றி இருக்கா?”

“உங்களுக்கு எதிராக் கத்தினாங்களே, நீங்க அவங்க வீட்டை மிதிச்சீங்களா?” என்று கேட்டாள் அங்காயி.

“சேச்சே! நான் எப்படி மிதிப்பேன்?”

“யாரும் மிதிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுதானே பயமில்லாமக் கத்தினாங்க? இத்தனை வருசம் நீங்க சண்டை போட்டது அதுக்குத்தானே?”

சடையாண்டி வெகுநேரம் யோசித்தார். பிறகு வெளியே போய், தொந்தியப்பனின் குழிமுன் நின்று, கரை முழுக்கக் கேட்கும்படி வாழ்த்துச் சொன்னார். வாழ்த்து கொஞ்சம் நீண்டுவிட்டது. தொந்தியப்பன் ஏரிக்குக் கிளம்பவே நேரமாகிவிட்டது.

தனக்குக் கிடைத்த உரிமையைத் தன் பெருமையாகப் பூட்டி வைப்பவர் ஒருநாள் அதைத் தனியாக இழப்பார். அண்டை வீட்டாருக்கும் அதைக் கேட்டு வாங்கித் தருபவருக்கே அது நிலைக்கும்.